சென்டம் என்ற குதிரைக்குப் பதினைந்து நாள் கிராஷ் கோர்ஸ்

நான் குதிரைக்காரி ஆனதற்குக் காரணம் ஒரு விளம்பரத் தாள்.

எங்கள் பள்ளியின் அட்மிஷனுக்காக அச்சடித்த தாள் அது. நீச்சல், ஸ்கேட்டிங், அபாகஸ் என்ற வரிசையில் 'குதிரையேற்றம்' என்றும் ஒரு வார்த்தை போட்டிருந்தார்கள். ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, வாழப்பாடி என்று ஒரு பேருந்து நிலையம் விடாமல் தாளைக் கொடுத்து முடித்த பிறகுதான், பள்ளியில் குதிரை இல்லை என்பது தாளாளருக்கு நினைவு வந்தது. குதிரையை வாங்கிவிடலாம். ஆள் வேண்டுமே? விளையாட்டு ஆசிரியையான என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏனுங்க மிஸ், பி.டி.ன்னா எல்லா ஸ்போர்ட்ஸும் வருமல்லங்க?"

"குதிரை வராதுங்க சார்."

"கத்துக்கிட்டாப் போச்சு. நானென்ன பொறக்கறப்பவே பள்ளிக்கூடம் நடத்தக் கத்துக்கிட்டா வந்தேன்?"

அது உண்மைதான். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் அவர் போர்வெல் ரிக் வண்டிகள் வைத்திருந்தார். விடாமல் துளை போட்டால் எந்தப் பாறையிலும் தண்ணீர் வந்தே தீரும் என்று நம்புகிற மனிதர். பிள்ளைகள் விஷயத்திலும் அதே நம்பிக்கைதான்.

ஓசூருக்கு அந்தப்பக்கம் ஒரு சவாரிப் பள்ளியில் எட்டு மாதம் இருந்து கற்றுக்கொண்டு வந்தேன். எனக்குக் கற்றுக்கொடுத்தவள் என்னைவிடப் பத்து வயது இளையவள். அவள் முதல் நாளே சொன்னாள்: "அக்கா, நாம சொல்லிக்கொடுக்கிற நேரத்துல மட்டும்தான் குதிரை கத்துக்குதுன்னு நினைச்சிடாதீங்க. அது எந்நேரமும் கத்துக்கிட்டேதான் இருக்கும். நாம என்ன சொல்லிக்கொடுத்தோம்னு நமக்கே தெரியாது. அதுதான் வம்பு." அப்போது தலையாட்டினேன். அர்த்தம் புரிய நான்கு வருடம் ஆயிற்று.

இப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். ரிசார்ட்டிலும் பள்ளியிலும் குதிரை வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களைப் போன்ற பிள்ளைகள் வந்து, எந்தச் சேணம் நல்லது, எந்தத் தீனி நல்லது என்று கேட்கிறீர்கள். அதெல்லாம் உங்கள் போனிலேயே இருக்கிறது. போனில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் செய்த தப்பு அது.

முதலில் வந்தது ஒரு வயதான பெட்டைக் குதிரை. யார் ஏறினாலும் நகராது. போட்டோவுக்கு அது போதுமாக இருந்தது. நான்காவது வருடம் தாளாளர் ஓர் ஆண் குட்டியை வாங்கி வந்தார். ஒன்றரை வயது. செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை, உட்பக்கமாக வளைந்த காதுகள், உடம்பைவிடப் பெரிய கால்கள். லாயத்தில் இறக்கியதுமே அது தாளாளரின் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கவ்வி எடுத்தது.

"பாத்தீங்களா மிஸ், வந்த ஒடனே பேனாவ எடுக்குது! இது படிக்கிற சாதிங்க" என்றார். அங்கேயே பெயரும் வைத்துவிட்டார். சென்டம்.

எங்கள் பள்ளியில் நூற்றுக்கு நூறுக்கு அதுதான் பெயர். போன வருடம் கணக்கில் எத்தனை சென்டம் என்று வாசலில் பேனர் தொங்கும். அந்தப் பெயரை நான்கு காலோடு மைதானத்தில் ஓடவிட்டால் பள்ளிக்கு ராசி என்று அவருக்குப் பட்டிருக்கிறது.

அந்தப் பள்ளியில் எனக்கு வேலை அதிகமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் கால அட்டவணையில் பி.டி. பீரியட் இருக்கும். அந்த நேரத்தில் வகுப்புக்குள் கணக்கு வாத்தியார் இருப்பார். ஒன்பதாம் வகுப்பில் இயற்பியல். மைதானத்தில் புல் வளர்ந்து கிடந்தது. ஆகவே சென்டத்தோடு செலவழிக்க எனக்கு நேரம் நிறைய இருந்தது. ஆயிரம் பிள்ளைகள் உள்ள வளாகத்தில் தினமும் விளையாடிய ஒரே ஜீவன் அதுதான்.

இளம் குதிரை விளையாட்டில்தான் கற்கும். அதன் மேல் ஏறுவதற்கு இன்னும் ஒன்றரை இரண்டு வருடம் இருக்கிறது. எலும்பு முற்ற வேண்டும். அதுவரை தரையில் நின்றபடி அதனோடு பேசிப் பழகுவதுதான் பாடம். ஒரு நாள் யாரோ உதைத்துவிட்டுப் போன பழைய கால்பந்து ஒன்று மூலையில் கிடந்தது. சென்டம் அதை முகர்ந்தது, முன்காலால் தட்டியது, அது உருண்டதும் பயந்து பத்தடி ஓடியது, திரும்பி வந்து மறுபடி தட்டியது. ஒரு வாரத்தில் பந்தை என்னிடம் உருட்டிவிட்டு, நான் திருப்பி உருட்டும்வரை காத்து நிற்கக் கற்றுக்கொண்டது. காத்து நிற்கக் கற்ற குதிரைக்கு மற்றதெல்லாம் சுலபம். கைக்குட்டையை நீட்டினால் மூக்கால் தொடும், ஒரு துண்டு கேரட் கிடைக்கும். தோளில் விரல் வைத்தால் பக்கவாட்டில் விலகும். நான் நின்றால் நிற்கும். நான் நடந்தால் நடக்கும். நடுவில் ஒரு கயிறு தொங்கும், அவ்வளவுதான். கயிற்றில் தொய்வு இருந்தால் நீங்கள் சரியாகச் செய்கிறீர்கள். கயிறு விறைத்தால் எங்கேயோ அவசரப்பட்டுவிட்டீர்கள். பழைய காலத்துச் சவாரிக் கலை என்று பெரிய பெரிய புத்தகங்களில் போட்டிருப்பதன் சாரம் இதற்கு மேல் எனக்குத் தெரியாது.

விளையாட்டு விழாவில் பரிசு கொடுக்க வைத்திருந்த மூன்று படி மரமேடை ஒன்று ஸ்டோர் ரூமில் தூசி படிந்து கிடந்தது. அதை எடுத்து மைதானத்தில் போட்டேன். சென்டம் மூன்றே நாளில் அதன்மேல் முன்கால்களை வைத்து நிற்கப் பழகிக்கொண்டது. தாளாளர் பார்த்துவிட்டார்.

"மிஸ், பர்ஸ்ட் ப்ரைஸ் படியில நிக்குதுங்க! யாராச்சும் சொல்லிக் குடுத்தீங்களா?"

"நடுப்படிதான் அகலமா இருக்குங்க சார்."

"இல்லீங்க. அதுக்குத் தெரியுது."

போட்டோ எடுத்து அடுத்த விளம்பரத் தாளில் போட்டார்கள். இதற்கிடையில் படிப்பு ஹாலில் இருந்த பிள்ளைகள் ஜன்னல் வழியாகக் குதிரை விளையாடுவதைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். புகார் போயிற்று. இரண்டே நாளில் ஜன்னல்களுக்குப் பச்சை வலை கட்டிவிட்டார்கள்.

ஆறு மாதத்தில் தாளாளருக்குப் பொறுமை போய்விட்டது. குதிரைக்கு வாரத் தேர்வு வைக்கச் சொன்னார். சனிக்கிழமை சனிக்கிழமை அட்டென்ஷன், மார்ச், சல்யூட் என்று மூன்று பாடம். ஒரு நோட்டுப் போட்டு அவரே மதிப்பெண் போட்டார். நான் தனியாக இருக்கும்போது அழகாகச் செய்கிற குதிரை, அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்ததும் அவருடைய ஷூ நாடாவை அவிழ்க்கப் போய்விடும்.

"நேத்து நல்லாப் பண்ணுச்சுங்க சார்" என்றேன்.

"ஊட்டுல நல்லாப் படிச்சான், பரீட்சையில மறந்துட்டான்னு பேரண்ட்ஸ் சொல்ற மாதிரியே சொல்றீங்களே மிஸ். ஸ்பெஷல் கிளாஸ் வையுங்க."

இதெல்லாம் சிரித்துக்கொண்டே சமாளிக்கக்கூடிய விஷயங்கள். உங்களுக்கும் இப்படி முதலாளிகள் வாய்ப்பார்கள். கொஞ்ச நாளில் அந்த நோட்டில் நானே மதிப்பெண் போட்டு நீட்டினேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சிரிக்க முடியாதது அந்த வருட ஆண்டு விழாவில் வந்தது.

விழாவுக்குப் பெரிய அதிகாரி ஒருவர் வருவதாக இருந்தது. கேட்டிலிருந்து மேடைவரை தாளாளர் குதிரையில் வர வேண்டும். மேடை முன்னால் குதிரை காலைத் தூக்கி அதிகாரிக்குச் சல்யூட் அடிக்க வேண்டும். பெட்டைக் குதிரை நகராது. ஆகவே சென்டம்.

"சார், அதுக்கு ரெண்டரை வயசுதான் ஆகுது. மேல ஏறக் கூடாதுங்க. முதுகும் முட்டியும் போயிரும். இன்னும் ஒரு வருஷம் விடுங்க."

தாளாளர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மிஸ், பன்னெண்டாவது பாடத்த நாம எப்ப நடத்தறோமுங்க?"

"பதினொண்ணாவதுல."

"அப்பறம் மூணு வயசுப் பாடத்த ரெண்டு வயசுல முடிச்சா என்னங்க தப்பு?"

இதற்கு அந்த வளாகத்தில் பதில் கிடையாது.

மறுநாளே மேட்டூர்ப் பக்கத்திலிருந்து ஒருவரை அழைத்து வந்துவிட்டார். கல்யாண ஊர்வலக் குதிரைகளை ஆடவைப்பவர். கறுப்புக் கண்ணாடி, இடுப்பில் தோல் பெல்ட். எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். பதினைந்து நாளில் முடித்துத் தருவதாகச் சொன்னாராம். கிராஷ் கோர்ஸ் என்ற சொல்லைத் தாளாளர் உச்சரித்தபோது அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் பார்த்தேன்.

மாஸ்டர் என்னிடம் வந்து கை நீட்டினார். "கயிறக் குடுங்கக்கா. பொம்பளைங்க செல்லங் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்கீங்க. நாஞ் சரி பண்ணிப்போடறேன்."

அவர் கொண்டுவந்த பையில் இருந்த கடிவாளத்தை நான் பார்த்தேன். வாய்க்குள் போகும் கம்பியில் முள் முள்ளாக இருந்தது. குதிரையின் தலையை மார்போடு இழுத்துக் கட்டும் வாரும் இருந்தது. எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் கயிற்றைக் கொடுத்தேன்.

என் மகள் அப்போது அதே பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு. பொதுத்தேர்வுக்குச் சில வாரங்களே இருந்தன. தாளாளரைப் பகைத்துக்கொள்ள இது நேரமில்லை என்று என் மனசுக்குள் ஒரு குரல் நிதானமாகச் சொல்லிற்று. இன்னொரு குரல், பதினைந்து நாள்தானே, அப்புறம் நான் சரி செய்துகொள்வேன் என்றது. பிள்ளைகளே, உங்களிடமும் ஒருநாள் யாராவது இப்படிக் கை நீட்டுவார்கள். அன்றைக்கு உங்களிடம் என்னைவிட நல்ல காரணம்கூட இருக்கும். குதிரைக்கு அந்தக் காரணம் தெரியாது. உங்கள் கையிலிருந்த கயிறு அடிக்கிறவன் கைக்குப் போனது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

போகும்போது சென்டம் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது. புது விளையாட்டு என்று நினைத்திருக்கும்.

அடுத்த நாட்களில் பின்பக்கக் கொட்டகையிலிருந்து தகர டின்னைத் தட்டும் சத்தம் வந்துகொண்டிருந்தது. தாளத்துக்கு ஒரு முறை முன்காலில் பிரம்படி. கால் தூக்கினால் அடி நிற்கும். அப்படித்தான் ஆடக் கற்றுக்கொடுப்பார்கள். நான் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குப் பட்டாம்பூச்சி நடனம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒலிப்பெட்டியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் மாஸ்டர் டீ குடிக்கப் போன நேரத்தில் உள்ளே போனேன். கையில் கேரட் இருந்தது. எப்போதும் பையை முட்டிப் பிடுங்குகிற குட்டி, என்னைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. வாயோரம் ரத்தம் உறைந்திருந்தது. முன்கால் முட்டிக்குக் கீழே வீங்கியிருந்தது. பக்கத்தில் போனேன். கையைத் தூக்கியதும் அது கண்ணை மூடிக்கொண்டது. கடிக்கவில்லை, உதைக்கவில்லை. அடிக்காகக் காத்து நின்றது. காத்து நிற்க அதற்குக் கற்றுக்கொடுத்தவள் நான்.

அன்றைக்கே தாளாளருடைய கோழிப்பண்ணைக்கு வரும் கால்நடை டாக்டரைக் கூட்டி வந்தேன். அவர் குனிந்து காலைத் தடவிப் பார்த்தார். பிறகு நேராகத் தாளாளர் அறைக்குப் போனார். நானும் கூடவே போனேன்.

"இதும்மேல ஏறாதீங்க. கால் போயிரும்" என்றார் டாக்டர்.

"டாக்டர், நீங்க கோழி டாக்டருங்க" என்றார் தாளாளர்.

"ஆமாங்க, எனக்குக் கோழிதான் நல்லாத் தெரியும். பிராய்லர் கோழிக்கே நாப்பது நாளு டைம் குடுக்கறோமுங்க. நீங்க குதிரைக்குப் பதினஞ்சு நாளு குடுத்திருக்கீங்க."

தாளாளர் சிரித்தார். டாக்டருக்கு டீ வரவழைத்தார். வலிக்கு ஒரு ஊசி போட முடியுமா என்று கேட்டார். டாக்டர் டீயைக் குடிக்காமல் எழுந்து போனார். அவரோடு நானும் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. 'சரிங்க சார்' என்று சொல்லிவிட்டு நடனப் பயிற்சிக்குப் போனேன்.

ஆண்டு விழா மாலை ஐந்து மணிக்கு. மைதானம் முழுக்கப் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் வரிசை வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பக்கமும் நாற்காலிகளில் பெற்றோர். மேடைக்கு எதிரே, வலது ஓரத்தில், நடனத்துக்குத் தயாராக என் பட்டாம்பூச்சிகள் நாற்பது பேர் அட்டைச் சிறகுகளோடு பாயில் உட்கார்ந்திருந்தார்கள்.

செண்டை மேளம் முழங்கியது. தாளாளர் கோட்டு சூட்டும் ரோஸ் தலைப்பாகையுமாகச் சென்டத்தின் மேல் வந்தார். மாஸ்டர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் அழகாகத்தான் இருந்தது. கழுத்து வளைந்து, காலைத் தூக்கித் தூக்கி வைத்து, ஏதோ ராஜாவின் குதிரை மாதிரி. கிட்ட இருந்த எனக்கு அதன் கண்ணின் வெள்ளை தெரிந்தது. கயிறு கம்பி மாதிரி விறைத்திருந்தது.

மேடைக்கு இருபதடி இருக்கும்போது இரண்டு பக்கமும் காகிதப்பூ வெடிகளை வெடித்தார்கள். மேலே டிரோன் இறங்கி வந்தது. சென்டம் பின்கால்களில் எழுந்தது. மாஸ்டர் கயிற்றை விட்டார். விட்டதோடு நிற்காமல் ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். தாளாளர் விழுந்துவிடாமல் இருக்கக் கடிவாள வாரை முழு பலத்தோடு இழுத்தார். முள் வாயில் குத்தக் குத்தக் குதிரைக்கு முன்னால் போக வழியில்லை. பின்னால் நகரத் தொடங்கியது. பின்னால் என் பட்டாம்பூச்சிகள்.

இந்த மாதிரி நேரத்தில் யோசிக்க நேரம் இருக்காது என்பார்கள். அப்படியில்லை. நேரம் இருக்கும், மிகக் கொஞ்சம் இருக்கும், அதை ஓடுவதில் செலவழித்துவிடக் கூடாது. என் உடம்பு முழுதும் குதிரையைப் பார்த்து ஓடத்தான் துடித்தது. ஓடினால் அது இன்னும் வேகமாகப் பின்வாங்கும். கூப்பிட்டேன். "சென்டம்!" காது மட்டும் ஒரு கணம் என் பக்கம் திரும்பியது, பிறகு பின்னால் மடிந்துகொண்டது. அது வராது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அந்தக் குரலுக்கு அது வருவதற்கான எல்லாக் காரணங்களையும் நான் அந்தப் பதினைந்து நாளில் தீர்த்துவிட்டேன்.

ஆகவே குதிரையை விட்டுவிட்டேன். அதைச் சுற்றியிருப்பதை நிறுத்த முடியுமா என்று பார்த்தேன். பக்கத்தில் நின்ற தமிழ் மிஸ் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினேன்.

"மேளத்த நிறுத்துங்க. ஸ்டூடண்ட்ஸ், யாரும் எந்திரிக்கக் கூடாது. பேசக் கூடாது. கைகட்டு. தலையக் கீழ போடு."

எழப்போன ஆயிரம் பிள்ளைகளும் கையைக் கட்டித் தலையைக் குனிந்தார்கள். ஒரு சத்தமில்லை. அந்தப் பள்ளியின் ஒழுக்கத்தை நான் எத்தனையோ நாள் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு ஒருநாள் அது உயிரைக் காத்தது. பட்டாம்பூச்சிகளும் சிறகோடு குனிந்துகொண்டன.

பெற்றோர்தான் அடங்கவில்லை. போனை உயரப் பிடித்துக்கொண்டு, நல்ல கோணம் கிடைக்க முன்னால் முண்டிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். உட்காருங்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். யாரும் கேட்கவில்லை. மூன்றாவது தடவை சொன்னேன்: "நிக்கிற பேரண்ட்ஸோட பிள்ளைங்க ரோல் நம்பர் குறிக்கப்படும்."

மொத்தக் கூட்டமும் உட்கார்ந்தது. நாற்காலி மேல் நின்றவர் அப்படியே அதன்மேல் குத்த வைத்து உட்கார்ந்துவிட்டார்.

மைக்கை அணைத்துத் தமிழ் மிஸ்ஸிடம் கொடுத்தேன். கையை வெறுமையாக வைத்துக்கொண்டு, குதிரையின் கண்ணைப் பார்க்காமல், பக்கவாட்டில் மெதுவாக நடந்தேன். அதன் பின்கால் குளம்பு பாயின் விளிம்பைத் தொட்டிருந்தது. அதன் உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது. மேலே இருந்தவரும் நடுங்கிக்கொண்டிருந்தார்.

"சார், கைய விடுங்க."

"உட்டா ஓடிருமுங்க மிஸ்."

"விடலைன்னாத்தான் ஓடும். வாய்க்குள்ள முள்ளு குத்துது. விடுங்க."

"எனக்குக் கை வரலீங்களே. இறுகிப் போச்சு."

"ஒரு விரலு விடுங்க. அப்பறம் அடுத்த விரலு."

வாழ்க்கையில் எதையும் விட்டுப் பழக்கமில்லாத மனிதர். ஒவ்வொரு விரலாக விட்டார். வார் தளர்ந்தது. சென்டம் தலையைக் கீழே இறக்கியது. இன்னும் இறக்கியது. மூக்கு தரையைத் தொடும்வரை இறக்கி, நீளமாக ஒரு மூச்சு விட்டது. தூசியும் காகிதப்பூவும் பறந்தன. நான் கயிற்றை எடுக்கவில்லை. அது ஒரு அடி முன்னால் வைத்தது. பாய்க்கும் குளம்புக்கும் நடுவே இடம் விழுந்தது. இன்னொரு அடி.

"இப்ப மெதுவா எறங்குங்க சார்."

அவர் மூட்டை மாதிரி சரிந்து இறங்கினார். தலைப்பாகை விழுந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் மேடையிலிருந்து கைதட்டல் கேட்டது. அந்தப் பெரிய அதிகாரி எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தார். குதிரை தலையைத் தரைவரை தாழ்த்தியதைத் தமக்கான சல்யூட் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் தட்டியதும் ஆசிரியர்கள் தட்டினார்கள். பெற்றோர் தட்டினார்கள். குனிந்த தலைகளோடு பிள்ளைகள் மட்டும் கையைக் கட்டியபடி இருந்தார்கள்; அவர்களை யாரும் இன்னும் விடுவிக்கவில்லை.

தாளாளர் மைக்கை வாங்கினார். தலைப்பாகையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "ஒரு ஆபத்துன்னு வந்தா எங்க புள்ளைங்க எப்பிடி நடந்துக்கோணும்ங்கறதுக்கு இது ஒரு செயல்முறை விளக்கமுங்க."

நான் சென்டத்தின் கடிவாளத்தைக் கழற்றினேன். முள்ளோடு சேர்ந்து சதையும் வந்தது.

மறுநாள் டாக்டர் வந்து பார்த்தார். வாய் ஆறிவிடும், கால் தேற ஒரு வருடம் ஆகும், அதுவரை ஓட்டக்கூட வேண்டாம் என்றார். தாளாளர் என்னை அறைக்கு அழைத்தார். ஆபீஸ் கிளார்க் அம்மாவும் இருந்தார்.

"மிஸ், அதுக்கு டி.சி. குடுத்தரலாமுங்க" என்றார். எங்கள் பள்ளியில் பொதுத்தேர்வுக்கு முன்னால் சுமாராகப் படிக்கிற பிள்ளைகளுக்குச் செய்வதுதான். ரிசல்ட் கெடக் கூடாதல்லவா? "மாஸ்டர் கூட்டிட்டுப் போறேங்கறார். கல்யாண சீசன் வருதுல்லங்க."

இந்தத் தடவை என்னால் 'சரிங்க சார்' சொல்ல முடியவில்லை. "அந்த ஆளுக்குக் குடுத்தா நானும் போறேங்க சார். போறதுக்கு முன்னாடி ஆண்டு விழாவுல உண்மையில என்ன நடந்ததுன்னு பட்டாம்பூச்சிங்களோட பேரண்ட்ஸ் நாப்பது பேருக்கும் சொல்லிட்டுத்தான் போவேன்" என்றேன். மகளுடைய முகம் நினைவுக்கு வந்தது. அதற்குள் வார்த்தை வெளியே போய்விட்டது.

தாளாளரின் முகம் இறுகியது. நான் வீரமாகப் பேசியதால் குதிரை பிழைத்தது என்று உங்களிடம் சொல்ல ஆசைதான். அப்படி நடக்கவில்லை. கிளார்க் அம்மா, ஆத்தூர்க்காரர், பேரேட்டைப் புரட்டியபடி சந்தேகம் கேட்டார்.

"சார், ஸ்டாக் ரிஜிஸ்டர்ல பேரோடதான் ஏத்தியிருக்கோம். எப்படி எழுதணும் சார்? 'சென்டம் பள்ளியை விட்டு நீக்கப்பட்டது'ன்னு எழுதலாமா?"

தாளாளர் பேரேட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். பொதுத்தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது.

"வேண்டாமுங்க" என்றார் தாளாளர். "இருக்கட்டும். ரிசல்ட் வரட்டும். அதுக்குப் பொறவும் இருக்கட்டும்." பிறகு என்னைப் பார்க்காமல், "முள்ளுக் கடிவாளத்த நீங்களே எங்கியாச்சும் தூக்கிப் போட்டுருங்க மிஸ்" என்றார். அந்த அறையில் அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. கிணற்றில் போட்டேன்.

மகள் தேர்வு எழுதினாள், சுமாராக வாங்கினாள், நன்றாக இருக்கிறாள். அடுத்த விளம்பரத் தாளில் 'ஒழுக்கம்' என்ற தலைப்பின் கீழ், தலை குனிந்த குதிரையும் தலை குனிந்த பிள்ளைகளுமாக ஒரு படம் வந்தது. அட்மிஷன் அமோகம்.

அந்த ஒரு வருடம் நான் தினமும் வேலிக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். கயிறு இல்லை, கேரட் இல்லை. சென்டம் மறுகோடியில் நிற்கும். செடிகளுக்குத் தண்ணீர் விடும் அம்மா ஒருவர் இருந்தார். குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாதவர். அவர் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சினால் அது ஓடிவந்து வாயைத் திறந்து குடிக்கும், அவர் முந்தானையை இழுக்கும். "அட சாமி, உடு சாமி" என்று அவர் சிரிப்பார். அவரைப் பார்த்துத்தான் அது மறுபடி விளையாடக் கற்றது. பின்னால் வந்த இளம் ஆசிரியை ஒருத்தி அதற்கு நாலு வயதானபோது அதன்மேல் சேணம் வைத்தாள். தளர்ந்த கயிற்றிலேயே பழக்கினாள். எத்தனையோ பிள்ளைகளைச் சுமந்தது, ஒருவரையும் தள்ளியதில்லை. இப்போதும் இருக்கிறது.

என்னிடம் மட்டும் அது கை எட்டும் தூரத்துக்கு ஒரு அடி அப்பாலேயே நின்றுவிடும். கோபம் என்று சொல்ல முடியாது. பயமும் இல்லை. அந்த இடத்தில் நிற்கும், அவ்வளவுதான். சொன்னால் செய்யும். வா என்றால் அந்த இடம்வரை வரும்.

நான் ஓய்வு பெற்ற நாளன்று மாலையோடு வேலிப் பக்கம் போனேன். சென்டம் நிமிர்ந்து பார்த்தது, நடந்து வந்தது, வழக்கமான இடத்தில் நின்றது. ஒரு அடி முன்னால் வைத்துக் கையை நீட்டியிருந்தால் நெற்றி வெள்ளையைத் தொட்டிருக்கலாம். அது விலகியிருக்காது, பொறுத்துக்கொண்டு நின்றிருக்கும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். மாலையிலிருந்த சாமந்தியின் வாசனைக்கு அதன் மூக்கு விரிந்து சுருங்கியது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் நின்றோம். பிறகு அது திரும்பிப் புல் மேயப் போயிற்று. போகாதே என்று கூப்பிட எனக்கு வாயில்லை.